போரைப் பழித்தால் வீரனைப் பழித்ததாகுமா?

மேடையில் ஒரு நாடகம். போர் வேண்டாம் என்று சொல்கிற நாடகம். முதல் வரிசையில், போருக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரோடு போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. மேடையில் இருக்கிற நடிகர் கையை விரித்து, "எல்லாம் வீண். செத்தவன் எல்லாம் வீணாய்ச் செத்தான்" என்கிறார். முதல் வரிசைக்காரர் மனசு அப்போது என்ன பாடுபடும்?

இதை நம்ம இளைஞர் பிரிவு நண்பர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒரு சாரார், "பாவம்ங்க, நாட்டுக்காகப் போனவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து இப்படியா அவமானப்படுத்துவது?" என்பார்கள். இன்னொரு சாரார், "போரின் கொடுமையை நேரில் பார்த்தவர் அவர்தானே, அவர்தான் முதல் ஆளாகக் கைதட்டுவார்" என்பார்கள். இரண்டு பதிலிலும் ஒரே குறை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்காக நாமே பேசிவிடுகிறோம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாய தேசிய சேவை. இதைப் படிக்கிற தம்பிகளில் பாதிப் பேர் போய் வந்திருப்பீர்கள், அல்லது கடிதத்துக்காகக் காத்திருப்பீர்கள். மலேசியாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். அந்தக் காலத்தில் காட்டுக்குள் ரோந்து போன தாத்தாக்கள் இருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தத் தாத்தாக்கள் பெரும்பாலும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அப்புறம், நாம் நாடகம் போடுகிறவர்கள். முகாம் என்றால் நாடகம், ஆண்டு விழா என்றால் நாடகம். அதில் ஒரு சிப்பாய் வந்தால் அவர் ஒன்று மீசையை முறுக்கி வசனம் பேசுவார், இல்லையென்றால் அம்மா மடியில் தலைவைத்துச் சாவார். வேறு எதுவும் செய்ய நாம் அவரை விடுவதில்லை.

நிஜமான வீரர்கள் நிஜமான நாடகத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

2008-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் டியேகோ நகரம். ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சுமார் 400 மரீன் படை வீரர்களும் அவர்களுடைய மனைவிமார்களும் கூடியிருந்தார்கள். பிரையன் டோரிஸ் என்ற இயக்குநர் இரண்டு பழைய கிரேக்க நாடகங்களைத் தானே மொழிபெயர்த்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டுமே சோபக்ளீஸ் எழுதியவை. ஏறக்குறைய 2400 வருஷத்துக்கு முந்தியவை. மேடை அலங்காரம் இல்லை, வேஷம் இல்லை. சினிமாவில் பெயர் வாங்கிய நடிகர்கள் சிலர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தார்கள். அவ்வளவுதான்.

வாசித்த கதை சாதாரணக் கதை இல்லை. ஏஜாக்ஸ் என்பவன் டிராய் போரில் பெரிய வீரன். அவனுக்கு வர வேண்டிய மரியாதையைத் தளபதிகள் வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆத்திரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக அந்தத் தளபதிகளைக் கொல்லக் கிளம்புகிறான். ஒரு தெய்வம் அவன் புத்தியை மயக்கிவிடுகிறது. ஆடுமாடுகளைத் தளபதிகள் என்று நினைத்து வெட்டித் தள்ளுகிறான். சிலவற்றைக் கூடாரத்துக்குள் இழுத்து வந்து சித்திரவதை செய்கிறான். விடிந்து புத்தி தெளிந்ததும், தன்னைச் சுற்றி ரத்தமும் பிணமும். பக்கத்தில் மனைவி டெக்மெஸா நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். சின்னப் பையன் வேறு இருக்கிறான். மனைவி கெஞ்சக் கெஞ்ச, கடைசியில் தனியாகப் போய்த் தன் வாள் மேலேயே விழுந்து சாகிறான்.

இதையா போய் ராணுவ வீரர்களிடம் வாசிப்பது? கூட்டம் கோபப்படும், பாதியில் எழுந்து போகும் என்று யாராவது பயந்திருந்தால் அதில் தப்பே இல்லை. நடந்தது வேறு. வாசிப்புக்குப் பிறகு 45 நிமிஷம் கலந்துரையாடல் என்று திட்டம். அது மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. மைக் முன்னால் வரிசை நின்றது. நான்கு முறை போர்முனைக்குப் போய் வந்த ஒருவரின் மனைவி எழுந்து, ஒவ்வொரு தடவையும் தன் கணவர் கண்ணுக்குத் தெரியாத பிணங்களை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தார் என்று சொன்னார். கவனியுங்கள், அவர் பேசியது கணவர் பக்கம் நின்று இல்லை, அரசாங்கத்தை எதிர்த்தும் இல்லை. டெக்மெஸா நின்ற அதே இடத்தில் நின்று பேசினார். கிரேக்க நாடகத்தின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டவர்கள்கூட, வருஷக்கணக்கில் தெரிந்த ஒன்றைப் போல அதன் வரிகளைச் சொல்லிச் சொல்லிப் பேசினார்கள்.

அடுத்த வருஷம் அமெரிக்க ராணுவத் தலைமையகமே பணம் கொடுத்து, ராணுவ முகாம்களில் 100 முறை நடத்தச் சொன்னது. 37 லட்சம் டாலர் ஒப்பந்தம். (இந்தப் பணத்தைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.)

டோரிஸ் தன் புத்தகத்திலும் பேச்சுகளிலும் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெர்மனியில் இருக்கும் ஓர் அமெரிக்க ராணுவ முகாமில் ஏஜாக்ஸ் வாசித்து முடித்த பிறகு, "சோபக்ளீஸ் ஏன் இந்த நாடகத்தை எழுதினார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். சின்னப் பதவியில் இருந்த ஒரு சிப்பாய் எழுந்து, படையின் மனஉறுதியை உயர்த்தத்தான் எழுதியிருப்பார் என்கிறான். டோரிஸுக்கு ஆச்சரியம். பெரிய வீரன் ஒருவன் பைத்தியம் பிடித்து, மானம் போய், தற்கொலை செய்துகொள்கிற கதையில் என்ன மனஉறுதி? அதற்கு அந்தச் சிப்பாயின் பதில்: இது உண்மை, அதனால்தான். அந்த உண்மையை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறோம் அல்லவா என்றும் சொன்னான்.

யோசிச்சுப் பாருங்க. "நீங்கள் எல்லாம் மாவீரர்கள்" என்று சொன்னால் மனஉறுதி உயரும் என்றுதானே நாம் நினைத்தோம்? அந்தப் பையனுக்குத் தெம்பு தந்தது, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தது தனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததுதான். அதுவும் தனியாக ஒரு டாக்டர் அறையில் தெரியவில்லை. தன் மேலதிகாரியும் தன் தோழனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு மண்டபத்தில் தெரிந்தது.

சோபக்ளீஸை நாம் வெறும் எழுத்தாளர் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் ஏதென்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்த படைத்தளபதிகளில் ஒருவராகவும் இருந்தவர். கி.மு. 440-ஐ ஒட்டி சாமோஸ் தீவின் மேல் நடந்த படையெடுப்பில் அவருக்கும் பொறுப்பு இருந்தது. அவர் நாடகம் பார்க்க வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் வாள் பிடித்தவர்கள், அல்லது போர்க்கப்பலில் துடுப்புப் போட்டவர்கள். அந்த விழாவில் நாடகம் தொடங்கும் முன், போரில் தகப்பனை இழந்து அரசாங்கச் செலவில் வளர்ந்த பிள்ளைகள் கவசம் அணிந்து ஊர்வலமாக வருவார்கள். அதற்கப்புறம்தான் ஏஜாக்ஸ் மாதிரியான கதை. வீரத்துக்கு மரியாதையும் போரின் விலையும் ஒரே நாளில் ஒரே மேடையில். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் நம்ம பாரதம் ஞாபகம் வராமல் இருக்காது. மரியாதை போய், நியாயம் செத்துவிட்டது என்ற ஆத்திரத்தில் ராத்திரி நேரத்தில் வாளை எடுத்துக்கொண்டு பாசறைக்குள் புகுந்தவன் அசுவத்தாமன். ஏஜாக்ஸ் வெட்டியது மாடுகளை. அசுவத்தாமன் வெட்டியது தூங்கிக்கொண்டிருந்த மனிதர்களை, திரௌபதியின் பிள்ளைகளை. அதற்காக நெற்றி மணி பறிக்கப்பட்டு, சீழும் ரத்தமும் நாற, யாரும் பக்கத்தில் சேர்க்காமல் 3000 வருஷம் தனியாக அலைய வேண்டும் என்ற சாபம். சான் டியேகோவில் வாசித்த இரண்டாவது நாடகத்தின் நாயகன் பிலோக்டீட்டஸும் அப்படித்தான். பாம்பு கடித்த கால் அழுகி நாற்றம் எடுத்ததால், சொந்தப் படையே அவனை ஆளில்லாத தீவில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. பத்து வருஷம் கழித்து அவன் வில் தேவைப்படும்போதுதான் திரும்பி வருகிறார்கள், அதுவும் ஏமாற்றிக் கூட்டிப் போக. ஆறாத புண்ணோடு ஊருக்கு வெளியே இருக்கும் வீரன் என்ற உருவம் இரண்டு இதிகாச மரபிலும் இருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் பாஸ்டனில் வியட்நாம் போரில் இருந்தவர்களுக்குப் பல வருஷம் சிகிச்சை கொடுத்தவர். அவர் 1994-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த வீரர்கள் சொன்ன கதைகளையும் ஹோமரின் காவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பயத்தால் வருகிற புண் வேறு, தர்மம் உடைந்ததால் வருகிற புண் வேறு என்றார். எது சரி என்று ஒருவன் நம்பினானோ, அதை அவன் நம்பிய அதிகாரமே, உயிர் போகிற நேரத்தில் மீறும்போது வருகிற புண் அது. அந்தப் புண்ணை வைத்துக்கொண்டு இருப்பவரிடம் போய் "நீங்கள் ஹீரோ சார்" என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? அதே ஆளிடம் "நீங்கள் ஒரு கருவி, உங்களைப் பயன்படுத்திவிட்டார்கள்" என்றாலும் எப்படி இருக்கும்? இரண்டிலும் அவர் செய்தது, அவர் தேர்ந்தெடுத்தது, அவர் வருந்துவது எதற்கும் இடம் இல்லை.

"கீதையிலேயே இதற்கெல்லாம் பதில் இருக்கே" என்று ஒரு குரல் கேட்கிறது. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாரதம் கீதையோடு முடிந்துவிடவில்லையே. ஜெயித்த பிறகு தருமன் ராஜ்யமே வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்று உட்கார்ந்துவிடுகிறான். அசுவமேத பர்வத்தில் அர்ஜுனனே கண்ணனிடம், அன்றைக்குப் போர்க்களத்தில் நீ சொன்னதெல்லாம் மறந்துபோய்விட்டது, திரும்பச் சொல் என்று கேட்கிறான். கண்ணனுக்கே சங்கடம், அதை அப்படியே திரும்பச் சொல்ல முடியாது என்கிறான். போருக்கு முன்னால் கேட்ட பதில் போருக்குப் பின்னால் போதவில்லை என்பதை நம்ம நூலே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

வீரர்கள் எல்லாம் நாடகம் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள், சுபம் என்று முடித்துவிட முடியாது. கோபப்பட்டவர்களும் உண்டு. எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

லண்டனில் 1928 டிசம்பரில் 'ஜர்னீஸ் எண்ட்' என்ற நாடகம் முதல்முதலாக மேடை ஏறியது. எழுதியவர் ஆர்.சி. ஷெரிஃப். முதல் உலகப் போரில் அதிகாரியாக இருந்து பாஷண்டேலில் காயம்பட்டவர், பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். இயக்கிய ஜேம்ஸ் வேலும் அதே போரில் ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்தவர். கதை முழுக்க 1918 மார்ச் மாதம், ஒரு பதுங்குகுழிக்குள். சாப்பாட்டைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே சாவுக்குக் காத்திருக்கிறார்கள். கேப்டன் ஸ்டான்ஹோப் இளவயசுக்காரன், விஸ்கி இல்லாமல் அவனால் நிற்க முடியாது. நாடகம் பெரிய வெற்றி. ஆனாலும் முன்னாள் ராணுவத்தினர் சிலருக்குக் கோபம், ஒரு பிரிட்டிஷ் அதிகாரியைக் குடிகாரனாகக் காட்டுவதா என்று. போர் வேண்டாம் என்று சொன்னதாக அவர்கள் கோபப்படவில்லை, பாருங்கள். எங்கள் ஆட்கள் அப்படி இல்லை என்பதுதான் புகார். ஷெரிஃபோ, நான் போருக்கு எதிராகப் பிரசாரம் செய்ய எழுதவே இல்லை என்றார். தன்னோடு இருந்தவர்களை அவர்கள் இருந்தபடி எழுதினார். பார்த்தவர்களில் பலர் அதைப் போர் எதிர்ப்பு நாடகமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அதே 1928-இல் அயர்லாந்தில் வேறு ஒரு சண்டை. ஷான் ஓகேஸி எழுதிய 'தி சில்வர் டாஸ்ஸி' என்ற நாடகம். ஊரே கொண்டாடிய கால்பந்து வீரன் ஒருவன் போருக்குப் போய், இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் திரும்பி வருகிறான். அபி தியேட்டர் அதை மறுத்துவிட்டது. கவிஞர் யேட்ஸ் சொன்ன காரணம்: நீங்கள் அந்தப் போர்க்களத்தில் நின்றதே இல்லை. ஓகேஸி சும்மா விடவில்லை. ஷேக்ஸ்பியர் எழுதிய போர்க்களங்களில் எல்லாம் ஷேக்ஸ்பியர் போய் நின்றாரா என்று திருப்பிக் கேட்டார். யேட்ஸும் போருக்குப் போனவர் இல்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போகாத ஒருவர், போகாத இன்னொருவரைப் பார்த்து, போனவர்களின் பெயரால் வாயை மூடச் சொன்னார். இந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. "சிப்பாய் மனசு புண்படும்" என்று சத்தம் போடுகிறவர்களில் எத்தனை பேர் சிப்பாய்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உண்மையிலேயே சிப்பாய்கள் கோபப்படுகிற இடம் எது என்று எனக்குக் காட்டியது 'பிளாக் வாட்ச்' என்ற ஸ்காட்லாந்து நாடகம். 2006-இல் எடின்பரோவில் ஒரு பழைய டிரில் ஹாலில் முதலில் நடந்தது. எழுதியவர் கிரெகரி பர்க். ஈராக்கில் இருந்து திரும்பிய பிளாக் வாட்ச் ரெஜிமெண்ட் இளைஞர்களைப் பேட்டி எடுத்து, அவர்கள் பேச்சை வைத்து எழுதினார். நாடகத்துக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் பாத்திரம் வருகிறது. மதுக்கடையில் பில்லியர்ட்ஸ் மேஜை பக்கத்தில் உட்கார்ந்து இவர்களிடம் கதை கேட்கிறார். கேள்விகள் சரியாகத்தான் இருக்கின்றன, மரியாதையாகத்தான் கேட்கிறார். ஒரு கட்டத்தில் வீரர்களில் ஒருவன் அவர் கையைப் பிடித்து முறுக்குகிறான், உடைத்துவிடுவானோ என்று பயப்படுகிற அளவுக்கு. எழுத வேண்டுமானால் வலியோடு எழுது என்பது போல. ஒரு நாடக ஆசிரியர் தன் கையை முறுக்கும் காட்சியைத் தானே எழுதி வைப்பது லேசான காரியம் இல்லை.

அந்த இளைஞர்கள் ஈராக் போரை நியாயப்படுத்தவில்லை. நாடகம் முழுக்க அந்தப் போர் எதற்கு என்ற கேள்விதான். அதே சமயம் தங்கள் ரெஜிமெண்டை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார்கள். சண்டை போட்டது நாட்டுக்காகவா என்றால் இல்லை, அரசாங்கத்துக்காகவா என்றால் சிரிப்பார்கள், பக்கத்தில் நின்ற தோழனுக்காக என்பார்கள். தேசிய சேவைக்குப் போன நம்ம அண்ணன்மார்களிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதேதான். டிரில்லைத் திட்டுவார்கள், சார்ஜண்டைத் திட்டுவார்கள், 'புக் அவுட்' கிடைத்தால் பறந்து போவார்கள். வெளி ஆள் ஒருவர் அவர்கள் பிளட்டூனைக் கேலி செய்தால் மட்டும் முகம் மாறிவிடும். இது முரண்பாடு என்று நமக்குத் தோன்றலாம். அவர்களுக்கு அதில் முரண்பாடே இல்லை.

1963-இல் லண்டனில் ஜோன் லிட்டில்வுட் மேடையேற்றிய 'ஓ வாட் எ லவ்லி வார்' இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கோமாளி வேஷம் போட்டவர்கள் முதல் உலகப் போரைப் பாட்டும் ஆட்டமுமாக நடத்துகிறார்கள், பின்னால் ஒளிப்பலகையில் செத்தவர்களின் எண்ணிக்கை ஓடுகிறது. தளபதிகளை அவ்வளவு கிண்டல். இதை யாரோ போருக்குப் போகாத நாடகக்காரர்களின் குறும்பு என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அதில் வரும் பாட்டுகள் சிப்பாய்களே பதுங்குகுழியில் கட்டிப் பாடியவை. சர்ச் பாட்டு மெட்டில் சொந்த அதிகாரிகளைக் கிண்டல் செய்த பாட்டுகள். அவற்றை முதலில் ரேடியோ நிகழ்ச்சிக்காகத் தேடிச் சேர்த்தவர் சார்ல்ஸ் சில்ட்டன். அவருடைய அப்பா 1918-இல் பிரான்சில் கொல்லப்பட்டவர். சில்ட்டன் அப்பாவின் கல்லறையைத் தேடிப் போனபோது கல்லறையே இல்லை. அராஸ் நினைவுச் சுவரில், உடல் கிடைக்காதவர்கள் ஏறக்குறைய 35,000 பேர் பெயர்களுக்கு நடுவில் ஒரு பெயராக மட்டும் அப்பா இருந்தார். அந்தப் பெயரில் இருந்து கிளம்பியதுதான் இந்த நாடகம். போரைக் கிண்டல் செய்த முதல் ஆட்கள் போரில் இருந்தவர்கள்தான்.

ஆக, எனக்குத் தெரிகிற வரை வீரனைப் புண்படுத்துவது போரைப் பழிப்பது இல்லை. தன்னைப் பற்றிய பொய். அந்தப் பொய் மாலையோடு வந்தாலும் சரி, கண்ணீரோடு வந்தாலும் சரி. தன் வாழ்க்கையை இன்னொருவர் தன் வாதத்தில் ஜெயிக்க எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்தால் அவர் எழுந்து போய்விடுவார்.

இதோடு நிறுத்தினால் எல்லாருக்கும் சௌகரியம். எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 37 லட்சம் டாலர். போரை நடத்துகிற அமைப்பே பணம் கொடுத்து, போரின் புண்ணைப் பற்றிய நாடகத்தைத் தன் வீரர்களுக்குக் காட்டுகிறது. நல்ல காரியம்தான், அதனால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கலாம். டோரிஸும் தன் நாடக வாசிப்பைப் போருக்கு ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ சொல்வதில்லை, பேச ஓர் இடம் என்று மட்டும் சொல்கிறார். ஆனால் அந்த மண்டபத்தில் யார் இல்லை என்று பாருங்கள். வீரர் இருக்கிறார், மனைவி இருக்கிறார், டாக்டரும் பாதிரியாரும் இருக்கிறார்கள். ஈராக்கில் வீடு இடிந்தவர் இல்லை. அசுவத்தாமனின் புண்ணை மட்டும் பேசி, தூக்கத்தில் செத்த பிள்ளைகளைப் பேசாமல் விட்டால் கதை பாதிதான்.

அதனால்தான் போர் நாடகத்துக்கு முன்னாள் வீரர் கொடுக்கும் சர்டிபிகேட்டே கடைசித் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவர் சாட்சி. அவர் சாட்சி இல்லாமல் வழக்கே இல்லை. இருந்தாலும் சாட்சியையே நீதிபதி ஆக்குவது அவருக்கும் பாரம், செத்தவர்களுக்கும் அநியாயம். 1993-இல் பீட்டர் செல்லர்ஸ் என்ற அமெரிக்க இயக்குநர் ஒரு பழைய கிரேக்க நாடகத்தை எடுத்து, வளைகுடாப் போரில் குண்டு விழுந்த ஈராக் பக்கத்தில் இருந்து அதை நடத்திக் காட்டினார். லாஸ் ஏஞ்சலஸில் பலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். தன் பக்கத்துப் புண்ணுக்கு அழுகிற மேடை நிறைய கிடைக்கும். எதிரியின் புண்ணுக்கு அழுகிற மேடைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

நம்ம பாரதத்தில் அந்த மேடை இருக்கிறது. ஸ்திரீ பர்வத்தில் காந்தாரி விதவைகளோடு களத்துக்குப் போய் ஒவ்வொரு உடலாகப் பார்த்து அழுகிறாள். தன் நூறு பிள்ளைகளுக்கு மட்டுமா? எதிரணிப் பிள்ளை அபிமன்யு கிடக்கிறான், அவனைக் கட்டிக்கொண்டு உத்தரை கதறுகிறாள், அதையும் காந்தாரிதான் கண்ணனிடம் சொல்லிச் சொல்லி அழுகிறாள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதிக்கு முன்னால் அரவான் களப்பலியும் படுகளமும் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் எத்தனை பேர் தீமிதி நாளன்று மட்டும் போய் கேமராவைத் தூக்குகிறோம்? படுகளம் நடக்கிற நாளில் கூட்டம் குறைவு. அடுத்த தடவை அன்றைக்குப் போங்க, தெரிந்த தாத்தா யாராவது ராணுவத்தில் இருந்தவர் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்க. அவர் ஏதாவது சொன்னால் கேளுங்க. சொல்லாவிட்டால் கிளறாதீங்க.

செல்லர்ஸ் எடுத்துக்கொண்ட அந்தப் பழைய நாடகத்தின் பெயர் 'பாரசீகர்கள்'. முழுதாக நம் கைக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களில் அதுதான் மிகப் பழையது. எழுதியவர் எஸ்கிலஸ். கி.மு. 490-இல் மாரத்தான் களத்தில் பாரசீகர்களோடு போரிட்டவர். அதே களத்தில் அவர் சகோதரன் கினகைரஸ், தப்பி ஓடும் பாரசீகக் கப்பலைப் பிடித்து நிறுத்தப் போய், கை வெட்டப்பட்டுச் செத்தான். பத்து வருஷம் கழித்துப் பாரசீகர்கள் மறுபடி வந்து ஏதென்ஸையே கொளுத்தினார்கள். சாலமிஸ் கடலில் ஏதென்ஸ்காரர்கள் அவர்களைத் தோற்கடித்தார்கள். அந்த வெற்றி நடந்து எட்டு வருஷம்கூட நிறையவில்லை, கி.மு. 472-இல் எஸ்கிலஸ் மேடையில் காட்டியது பாரசீக அரண்மனை. பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய், ஓடி வரும் தூதன், பெயர் பெயராகச் சொல்லப்படும் பாரசீகச் சாவுகள், கிழிந்த துணியோடு திரும்பி வரும் ராஜா. தங்கள் ஊரைக் கொளுத்தியவர்களின் அழுகையைத்தான் சாலமிஸில் துடுப்புப் போட்டவர்கள் அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த வருஷம் முதல் பரிசு எஸ்கிலஸுக்குத்தான் கிடைத்தது.